ஆறு பாட்டில்

எவரிஸ்தோவின் பையைத் தூக்கி பிக்கப் வண்டியின் பின்னால் வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு லிட்டர் தண்ணீர் இருக்கிற பை அப்படிச் சுலபமாகக் கையோடு வராது. தோள்பட்டையில் ஓர் இழுப்பு இருக்கும். இது பூனைக்குட்டியைத் தூக்கியதுபோல் வந்தது. நான் அதை வைத்துவிட்டு, என் பையைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, ஓட்டுகிற இருக்கையில் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை.

மே மாதக் கடைசி. பகலில் நூற்றுநான்கு டிகிரி வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ஒற்றைக்காது கேன்யன் என்கிற பாலைவனப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஏற ஒன்பது மைல். அடியில் தண்ணீர் கிடையாது. ஒரு பாறைக் குழியில் மார்ச் வரை மழைநீர் நிற்கும், அதை நம்பி யாரும் போவதில்லை. அதனால் எங்கள் நடைச் சங்கத்தில் ஒரே ஒரு சட்டம்தான். ஆளுக்கு ஆறு பாட்டில், அவரவர் தண்ணீர் அவரவர் முதுகில். அடுத்தவருக்காக யாரும் சுமக்கக் கூடாது. வழியில் பிரிந்து போனாலும் ஒவ்வொருவர் உயிரும் அவரவரிடமே இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தைப் போட்டவனே எவரிஸ்தோதான். செம்புச் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் அதே சுரங்கத்தில் லாரி ஓட்டினேன். அவனுக்கு அறுபத்தொன்பது, எனக்கு அறுபத்துமூன்று. பாதை தொடங்கும் இடத்தில் வண்டியின் பின்கதவை இறக்கி, எல்லாருடைய பாட்டில்களையும் அதன்மேல் வரிசையாக வைக்கச் சொல்லி எண்ணுவான். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவான். சொந்த மச்சானையே அனுப்பியிருக்கிறான். மச்சான் நான்கு வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. சங்கத்தில் எல்லோரும் அவனை நீதிபதி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீதிபதியின் பாட்டிலை யாரும் எண்ணியதில்லை.

பை லேசாக இருந்ததை நான் முதலில் கவனித்தது நவம்பரில். குளிர்காலம்தானே, மூன்று பாட்டில் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிப்ரவரியிலும் லேசாக இருந்தது. அப்போதும் அதையே சொல்லிக்கொண்டேன். அவனுக்குப் போன வருஷம் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவன் நடையை நிறுத்தினால் எனக்குச் சனிக்கிழமை கிடையாது. மற்ற ஆறு நாளும் நான் யாரோடும் பேசுவதில்லை, கடைக்காரப் பெண் "பை வேணுமா?" என்று கேட்பதைச் சேர்க்காவிட்டால். நான் பிறந்த தீவு இங்கிருந்து மூவாயிரம் மைல். அங்கே இப்போது என்னைத் தெரிந்தவர்கள் கல்லறையில்தான் இருக்கிறார்கள்.

அன்றைக்கு வந்தது மூன்று பேர்தான். மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் மாரிசெலா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், நாற்பத்துமூன்று வயது, சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விடியும் நேரத்தில் தன் வண்டியில் நேரே பாதை தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

எவரிஸ்தோ பின்கதவை இறக்கினான். அவள் பாட்டில்களை வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாவது எங்க, தாயீ?"

"இந்தா." ஒரு சோடா டின்னை எடுத்து வைத்தாள்.

"இது தண்ணியா?"

"ஏன், தொண்டை நனையாதா?"

"பீப்பாயில ஒரு பாட்டில் புடிச்சுக்கிட்டு வா. இல்லேன்னா வண்டியில உக்காந்து பாட்டு கேளு. நாங்க சாயங்காலம் வந்துருவோம்."

"நான் என்ன ஒட்டகமா, தொன் எவரிஸ்தோ? முதுகு ஒடிஞ்சுரும்." பெரியவர் என்ற மரியாதைக்கு அவள் எப்போதும் அவன் பெயருக்கு முன்னால் தொன் சேர்ப்பாள்.

"முதுகு ஒடிஞ்சா டாக்டர் பாப்பாரு. தண்ணி தீந்தா பாதிரியார்தான் பாப்பாரு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே என் வண்டியில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயைத் திறந்து, அங்கே கிடந்த காலிப் பாட்டில்களில் ஒன்றை நிரப்பினாள். மூடியைத் திருகிக்கொண்டே அவன் பையைப் பார்த்தாள்.

"உங்களது?"

"உள்ள இருக்கு, ஆறு. ஈர சாக்ஸ் மாட்டி அடுக்கிட்டேன். எடுத்தா கலைஞ்சுரும்."

நாங்கள் எல்லோருமே பாட்டிலுக்குக் கம்பளி சாக்ஸ் மாட்டுவோம். நனைத்து மாட்டினால் மதியம்வரை தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். சாக்ஸுக்குள் இருப்பது நிறை பாட்டிலா வெறும் பாட்டிலா என்று பார்த்தால் தெரியாது. அவன் அப்படிச் சொல்லிவிட்டு என்னை ஒரு நொடி பார்த்தான். நான் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

இறங்கினோம். காலை நேரம் என்பதால் கஷ்டம் தெரியவில்லை. எவரிஸ்தோ முன்னால் நடந்தான். மாரிசெலா அவள் பேருந்தில் வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருவன் சட்டைப்பையில் பல்லி கொண்டு வந்தானாம். பேருந்து நிற்பதற்குள் பல்லி அவள் தலையில் ஏறிவிட்டதாம். எவரிஸ்தோ சிரித்து, சிரிப்பு இருமலாகி, நின்று இரண்டு வாய் குடித்தான். நான் அந்த வாயையும் எண்ணினேன். அன்றைக்கு அவன் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தது அவனும் நானும்தான்.

அடியில், ஒரு பாறைக்குக் கீழே தகரப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே ஒரு நோட்டு. அந்தப் பக்கம் வருகிற எவரும் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். வருஷத்துக்கு ஒருமுறை பழைய நோட்டை எடுத்துப் புதிய நோட்டு வைப்பது எங்கள் சங்கத்தின் வேலை. அன்றைக்கு நாங்கள் போனதும் அதற்குத்தான். புதிய நோட்டின் முதல் பக்கத்தில் எவரிஸ்தோ மூன்று பெயர்களையும் எழுதி, வழக்கம்போல் பக்கத்தில் பாட்டில் கணக்கையும் எழுதினான். தன் பெயருக்கு எதிரேயும் ஆறு என்று போட்டான். நான் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது கேட்டிருக்கலாம்.

பத்தரை மணிக்கே கல் சுட ஆரம்பித்துவிட்டது. மே மாதத்தில் பகல் நடுவில் ஏற முடியாது. நான்கு மணிவரை பாறை நிழலில் படுத்துக் கிடக்க வேண்டும். சாப்பிட்டோம். மாரிசெலா பீன்ஸ் வைத்துச் சுருட்டிய தோர்த்தியா ரொட்டி கொண்டு வந்திருந்தாள். எவரிஸ்தோ பாதி தின்றுவிட்டு மூடி வைத்தான். பிறகு தாகம் தெரியாமலிருக்க ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. அவன் பாட்டிலைத் தொடவில்லை.

மாரிசெலா தொப்பியால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் என் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"ஒரு வாய் குடிடா."

"என்கிட்ட இருக்கு."

"குளுகுளுன்னு இருக்கு, பாரு."

"அவரவர் தண்ணி அவரவர் முதுகுல. தூங்குடா."

நான் பாட்டிலை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். கேட்டேன், மறுத்துவிட்டான், என் கடமை முடிந்தது என்று ஓர் ஆறுதல்கூட வந்தது. எவ்வளவு மட்டமான ஆறுதல் அது என்று இப்போது தெரிகிறது.

நான்கு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். நான்காவது கொண்டை ஊசி வளைவில் எவரிஸ்தோ நின்றான். பாறையில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"பஸ் எப்ப வரும்?" என்றான்.

மாரிசெலா சிரித்தாள். "டிரைவரே இங்கதான் நிக்கிறேன், தொன் எவரிஸ்தோ. டிக்கெட் எடுத்தீங்களா?"

"பஸ் வரட்டும். நான் நிக்கிறேன்."

அவள் சிரிப்பு நின்றது. கிட்டே போய் அவன் கழுத்தில் கை வைத்தாள். அந்த வெயிலில் அவன் தோல் காய்ந்திருந்தது. வேர்வை இல்லை. உதட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவனைத் தாங்கிப் பாறையின் நிழலில் உட்காரவைத்தோம். அவள் அவன் பையைத் திறந்தாள். ஒரு சாக்ஸை உருவினாள், அடுத்ததை உருவினாள். ஆறும் காலி. மூன்றில் சாக்ஸ் ஈரமாக இருந்தது. மற்ற மூன்றில் சாக்ஸும் காய்ந்திருந்தது, பாட்டிலின் உள்ளே தூசி இருந்தது.

"எல்லாத்தையும் எப்பக் குடிச்சாரு? நான் பாக்கவே இல்லையே."

"மூணுதான் கொண்டு வந்தான்," என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

நான் ஒரு காலிப் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"உன்னத்தான் கேக்கிறேன். எப்படித் தெரியும்?"

"காலையில பையத் தூக்கினேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதத் தேவையில்லை. அதற்குமேல் ஒரு வார்த்தைகூட வீணாக்காமல் வேலையில் இறங்கினாள். தன் பையில் இருந்ததை வெளியே எடுத்தாள். முழுசாக இரண்டு. என்னிடம் ஒன்றரை. ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு மற்றதை என் முன்னால் வைத்தாள். அந்த இரண்டில் ஒன்று, காலையில் அவன் பிடிவாதமாக நிரப்பச் சொன்ன பாட்டில்.

"மேல போய் பீப்பாயிலேர்ந்து கொண்டு வரேன். வண்டிச் சாவி குடு."

"தனியாவா?"

"ஏன், நீ போறியா? காலையிலேர்ந்து உன் முழங்காலப் பாத்துக்கிட்டுதான் வரேன். அவருக்கு விடாம ஊட்டு. கொஞ்சம் கொஞ்சமா. உப்பா ஏதாவது குடு. சட்டைய நனைச்சு விடு. நிறுத்தினேன்னு தெரிஞ்சுது, வந்து உன்னப் புடிச்சுக் கீழ தள்ளிருவேன்."

போய்விட்டாள். வளைவுகளில் அவள் மஞ்சள் தொப்பி தெரிந்து தெரிந்து மறைந்தது. மேலே இன்னும் இரண்டு மைல் இருந்தது.

நான் அவன் சட்டையையும் தலையையும் நனைத்தேன். என்னிடம் உப்பில் ஊறிய மிளகாய் ஒரு சின்ன ஜாடியில் இருந்தது. அந்தத் தண்ணீரை மூடியில் ஊற்றி, பச்சைத் தண்ணீரும் கலந்து, அவன் வாயில் வைத்தேன். கொஞ்சம் வெளியே வழிந்தது. கொஞ்சம் உள்ளே போனது. தொப்பியால் விசிறினேன். மறுபடி ஒரு மூடி. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. எதிர்ப் பக்கப் பாறைச் சுவரில் வெயில் பாதிக்குமேல் ஏறியிருந்தது. இவன் இங்கேயே முடிந்துவிட்டால் என்னால் யாரிடம் போய் என்ன சொல்ல முடியும் என்று ஒரு தடவை நினைத்தேன். உடனே, அந்த நினைப்பிலும் நான் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன் என்று தெரிந்தது.

பிறகு அவன் முகத்தைச் சுளித்தான்.

"என்ன இழவுடா இது? கழுதை மூத்திரமா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஊறுகாத் தண்ணி."

"கழுதையே மேல்." இன்னொரு மூடி குடித்தான். சுற்றிப் பார்த்தான். "அந்தப் பொண்ணு எங்க?"

"மேல. தண்ணி எடுக்கப் போயிருக்கா."

"தனியாவா அனுப்புனே?"

"அவதான் என்னை இங்க உக்கார வச்சுட்டுப் போனா."

அவன் திறந்து கிடந்த பையைப் பார்த்தான். சாக்ஸ் இல்லாத பாட்டில்கள் மண்ணில் கிடந்தன.

"டாக்டர் நாலு கிலோவுக்கு மேல தூக்காதேன்னாரு," என்றான். "நாலு கிலோவுல பை, சாப்பாடு, கயிறு போனா மிச்சம் எவ்வளவு? நானே எத்தனை பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன். என் மச்சான் நாலு பாட்டிலோட வந்து நின்னான், முதுகு வலின்னான். போய் வீட்டுல படுன்னேன். இப்ப நான் போய், எனக்குத் தோள் வலிக்குது, யாராவது என் தண்ணிய சுமந்துக்கிட்டு வாங்கன்னு கேக்கவா?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் காலையில பையத் தூக்கினியே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேப்பேன்னு நெனச்சேன்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"பொய் சொல்லியிருப்பேன்."

"அப்புறம்?"

"நீ மறுபடி கேட்டிருப்பே. நான் கண்டபடி திட்டியிருப்பேன். மூணாவது தடவை பைய உன் மேல விட்டெறிஞ்சிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிப் போய் முட்டை தின்னிருப்போம்."

"அத்தோட நீ நடைக்கே வர மாட்டியே. அதான் கேக்கல."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கூழாங்கல்லைத் துப்பினான். இவ்வளவு நேரமும் அது வாயில்தான் இருந்திருக்கிறது.

"ரெண்டு கிழட்டுக் கழுதைங்க," என்றான்.

மாரிசெலா திரும்பி வந்தபோது எங்கள் பக்கம் முழுக்க நிழல் விழுந்திருந்தது. எட்டு பாட்டில் சுமந்து வந்திருந்தாள். முகமெல்லாம் மண். முதலில் அவனிடம் போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள்.

"சனிக்கிழமை. நான் ஒரு முட்டாள். அதையும் எழுதிக்கோ," என்றான் எவரிஸ்தோ.

"எழுதிக்கிட்டேன், தொன் எவரிஸ்தோ. குடிங்க." அவன் கையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவரு வயசானவரு. கூச்சப்பட்டு மறைச்சாரு. அதுகூட எனக்குப் புரியுது. நீ எதுக்கு மறைச்சே?"

நான் உண்மையையே சொன்னேன். "எனக்கு வேற யாரும் இல்ல."

"நீ ஒண்டியா இருக்கேன்னு என் தண்ணியில கை வப்பியா?"

"உன் தண்ணிய நான்..."

"மூணு பேரு நடக்கிறோம். ஒருத்தர் கொண்டு வரலேன்னா யாரு தண்ணி போகும்? எனக்கு வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு. இன்னிக்கு எத்தனை பாட்டில் இருக்குன்னு தெரிஞ்சு இறங்குறதா வேணாமான்னு முடிவு பண்ண எனக்கு உரிமை இல்லையா? அது உனக்குத் தெரிஞ்சிருந்தது, எனக்குத் தெரியல. அவரு தன்னத்தானே ஏமாத்திக்கிட்டாரு. என்னை ஏமாத்துனது நீ."

எவரிஸ்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க குடிங்க," என்றாள்.

அவரவர் தண்ணீர் அவரவர் முதுகில் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது எவ்வளவு அரைகுறையான சட்டம் என்று பேருந்து ஓட்டுகிற ஒருத்தி இரண்டு தடவை அந்த மலையேறிக் காட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் முதுகில் தனித்தனியாக இருக்கலாம். குறையும்போது எல்லோருக்கும் சேர்த்துத்தான் குறைகிறது.

மெதுவாக ஏறி மேலே வந்து சேர்ந்தோம். அவள் தன் வண்டியில் ஏறி, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தார் காலைச் சாப்பாட்டுக்குக் கூடுகிற கடையில், எல்லோரும் உட்கார்ந்த பிறகு எவரிஸ்தோ எழுந்து நின்றான். சுரங்கத்தில் விபத்து நடந்தால் சொல்வதுபோல், எப்போது, எங்கே, எத்தனை என்று மட்டும் சொன்னான். என் பெயரை எடுக்கவில்லை. அவன் உட்கார்ந்ததும் நான் எழுந்து, நவம்பரிலேயே எனக்குத் தெரியும் என்றேன். ஒருவர் உப்பு டப்பாவை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைத்தார். கடைசியில் மச்சான்தான் வாயைத் திறந்தார். "அப்ப என் முதுகு வலி நிஜம்னு இப்பவாவது ஒத்துக்கிறியா?" எல்லோரும் சிரித்தார்கள். மாரிசெலா சிரிக்கவில்லை. அன்றைக்கே பாட்டில் எண்ணுகிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள்.

கோடை முழுக்க நடை கிடையாது. அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தபோது எவரிஸ்தோ மூன்று பாட்டிலோடு வந்தான். முதல் வளைவுவரை போவதாகச் சொன்னான். அரை மைல்தான். அவனால் தூக்க முடிகிற தண்ணீருக்கு அவ்வளவு தூரம் போதும். நானும் அவனோடு அங்கேயே நின்றுகொள்வதாகச் சொன்னேன். முதல் வளைவில் இத்தனை வருஷத்தில் நாங்கள் நின்றதே இல்லை. ஒரு மெஸ்கீட் மரமும் உட்காரத் தட்டையான ஒரு கல்லும் இருந்தன.

"இங்கேர்ந்து என்னடா தெரியுது?" என்றான் எவரிஸ்தோ.

"பாறை."

"கீழ போனா?"

"கீழயும் பாறைதான்."

"அப்ப இதுக்காடா இத்தனை வருஷம் நடந்தோம்?"

மற்றவர்கள் எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். மாரிசெலா கடைசியில் வந்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை. தாண்டி இரண்டடி வைத்தவள் நின்றாள். எங்கே பார்ப்பது என்று தெரியாததுபோல் மரத்தைப் பார்த்தாள்.

"நாலு மணிக்குத் திரும்புவோம். அதுவரைக்கும் இங்கதான் இருப்பீங்களா?"

"இருப்போம்," என்றேன்.

"எட்டு பேரு போறோம். வரும்போது கடைசி அரை மைல்லதான் யாருக்காவது தீரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்களுக்கு நாலு பாட்டில் எடுத்து வையி. நிறைச்சு வையி."

"அவரவர் முதுகுலதானே..." என்று எவரிஸ்தோ ஆரம்பித்தான்.

"தொன் எவரிஸ்தோ, நீங்க ஓய்வு பெற்ற நீதிபதி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் எழுந்தேன். முழங்கால் வலித்தது. வண்டி அரை மைல் மேலே நின்றது, பீப்பாயும் அதில்தான் இருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு பாட்டில் என்று, இரண்டு முறை போய் வந்தேன். இரண்டாவது முறை திரும்பி வந்தபோது எவரிஸ்தோ கல்லில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான்கையும் மர நிழலில் வைத்து, வெயில் நகர நகர அவற்றை நகர்த்திக்கொண்டு, நான்கு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.